நாற்பது டெசிபல் ஆன்டெனா

கடைக்காரரிடம் நான் அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு அவர் என்னை வெளியே போகச் சொல்லியிருந்தால்கூட நியாயம்தான். அவர் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நன்றி என்று வாயால் சொல்வதற்கு எனக்கு எப்போதும் நாக்கு எழாது. சண்டை என்றால் தண்ணீர்பட்ட பாடு.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணனுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அண்ணிக்குப் பிறவியிலிருந்தே கேட்காது. வீட்டில் காது நன்றாகக் கேட்கிற ஒரே ஆள் நான்தான். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத ஆளும் நான்தான். சைகையில் பேசுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெயர் வைப்பார்கள். எனக்கு அண்ணன் வைத்தது, நாலு விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பது. ‘வாய்’ என்று அர்த்தம். கோபித்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பொருத்தமான பெயர். இத்தனை வருஷம் அவர்களோடு இருந்தும் என் கை மட்டும் இன்னும் திக்கும். வேகமாக யாராவது கையால் பேசினால் பாதிக்குமேல் எனக்குப் பிடிபடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் பிழைப்பதே காதுகளை வைத்துத்தான். காது மெஷின் பொருத்தும் இடத்தில் பதினேழு வருஷமாக வேலை செய்கிறேன். வருகிறவரின் காதைச் சோதித்து, மெஷினைக் கணினியில் இணைத்து, எந்தச் சத்தத்தை எவ்வளவு டெசிபல் ஏற்றுவது என்று அமைத்துக் கொடுப்பது என் வேலை. அண்ணனுக்கு மட்டும் எந்த மெஷினும் ஒத்துவரவில்லை. “உன் சாமான் எல்லாம் எனக்கு வெறும் டப்பா” என்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி கேட்காத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. வட்டாரச் சேனல் ஒன்றில் தினமும் பகல் ஒரு மணிச் செய்தியில், திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒருவர் நின்று சைகையில் செய்தி சொல்வார். அவருக்குக் காது கேட்கும். சைகையைப் பாடமாகப் படித்துத் தேறியவர். “அவர் கை பேசலை, விசிறுது” என்பது அண்ணியின் தீர்ப்பு. இப்படிப் பல பேர் எழுதிப் போட்டதில், கேட்காதவர் ஒருவரையே நிறுத்திப் பார்ப்போம் என்று சேனலில் முடிவு செய்துவிட்டார்கள். தேர்வுக்குப் போன இருபது பேரில் அண்ணியைக் கூப்பிட்டார்கள். செய்தியை எழுத்தாக எதிரே ஓடவிடுவார்கள், படமும் தெரியும், அதைப் பார்த்துச் சைகையில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் சோதனை. புரிகிறது என்று ஜனங்கள் எழுதினால் வேலை நிலைக்கும். புரியவில்லை என்றால் விசிறுகிறவர் திரும்பி வந்துவிடுவார். இன்னொரு கேட்காதவருக்கு அந்தக் கதவு எப்போது திறக்குமோ தெரியாது.

அண்ணிக்கு மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒளிப்பதிவு அறையில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வழியில்லை, சோதனை வாரம் முடியும்வரை பதிவும் தரமாட்டார்களாம். அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: “மத்தவங்க எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீங்கதான் உள்ளதைச் சொல்வீங்க. முதல் நாள் பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா மறுநாள் திருத்திக்குவேன். நீங்க பார்க்கலைன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டு நிக்கற மாதிரி.”

அண்ணன் பார்க்காமல் இருப்பானா? ஆனால் எதில் பார்ப்பது? போன மாதம்தான் எங்கள் கேபிள்காரர்கள் சேனல் பட்டியலை மாற்றும் சாக்கில் அந்தச் சேனலைத் தூக்கிவிட்டார்கள். போனிலும் அது வருவதில்லை. வானத்தில் இலவசமாக வருகிறது, ஆன்டெனா வைத்திருப்பவன் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு எங்காவது போய்ப் பார்க்கலாம் என்றால் அண்ணன் வேலை பார்க்கும் பைண்டிங் கூடத்தில் காகிதக் கட்டு ஒன்று அவன் பாதத்தில் விழுந்து, முழங்கால்வரை மாவுக்கட்டு. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியிலிருந்து அவனை இறக்க நாலு ஆள் வேண்டும்.

“ஆன்டெனா என் பொறுப்பு” என்று நெஞ்சில் தட்டிக்கொண்டேன். அந்தச் சைகை எனக்குத் திக்காமல் வரும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் டிவி சாமான் கடைக்குப் போனேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலம். கடைக்காரருக்கு எங்கள் தெருவில் ‘பொறுங்க’ என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார். நான் ஆன்டெனா என்று முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“பொறுங்க. டவர் எந்தப் பக்கம்னு தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? டிவி ஹால்ல இருக்கு.”

“டிவி இருக்கற இடத்தைக் கேக்கலைங்க. சரி, ஹால் ஜன்னல் எதைப் பார்த்து இருக்கு?”

“எதிர் பில்டிங் சுவரைப் பார்த்து.”

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, இரண்டு கம்பி மட்டும் உள்ள சாதாரண ஆன்டெனா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். “முதல்ல இதைக் கொண்டுபோய் ஒவ்வொரு ஜன்னலா வெச்சுப் பாருங்க. எங்க நல்லா வருதுன்னு தெரிஞ்சப்புறம், தேவைப்பட்டா சிக்னலை ஏத்தற பூஸ்டர் போட்டுக்கலாம்.”

அந்தக் கம்பியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அண்ணியின் வாழ்க்கைப் பிரச்சினைக்கு இந்தக் குச்சியா? அவர் தலைக்குமேல் அலமாரியில் பளபளவென்று ஒரு பெரிய பெட்டி இருந்தது. பூஸ்டர் உள்ளேயே வைத்த ஆன்டெனா, நாற்பது டெசிபல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“அதைக் குடுங்க” என்றேன்.

“அது டவர்லேர்ந்து ரொம்பத் தள்ளி இருக்கறவங்களுக்குங்க. உங்களுக்கு வேண்டாம். நாப்பது டெசிபல்னா என்னன்னு…”

“டெசிபல்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் டெசிபல்லதான் குப்பை கொட்டறேன்.”

அவர் ஏணியில் ஏறி, பெட்டியை இறக்கி, மேலே இருந்த தூசியைத் துடைத்துக் கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மாடியேறினேன்.

சனிக்கிழமை பகல். ஆன்டெனாவை ஹால் ஜன்னலோரம் நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, டிவியைத் தேடவிட்டேன். கடகடவென்று பதினொரு சேனல் வந்தது. அண்ணி கைதட்டினாள். கேட்காதவர்கள் கைதட்டுவது இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை ஆட்டுவது. அது எனக்குப் பிடிக்கும், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பதினொன்றில் கடைசியாக நம் வட்டாரச் சேனலும் இருந்தது. ஒரு மணிக்குச் செய்தி ஆரம்பித்தது. வாசிப்பவரின் குரல் கேட்டது, முகம் தெரிந்தது, பின்னால் இருந்த படம் தெரிந்தது. மூலைப் பெட்டியில் நின்றவருக்குத் தலை இருந்தது, தோள் இருந்தது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் சதுரம் சதுரமாகச் சில கட்டங்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

இந்தக் கால டிவியில் சிக்னல் சரியாக வராவிட்டால் பழைய டிவிபோல் புள்ளி புள்ளியாகத் தெரியாது. அசையாமல் இருப்பது அப்படியே நிற்கும், அசைவது உடைந்து போகும். காது கேட்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, குரல் ஓடிக்கொண்டிருந்தால் போதும். கையால் பேசுகிறவருக்கு மொத்தப் பேச்சும் அசைவில்தான் இருக்கிறது.

அண்ணி திரைக்குக் கிட்டே போய் அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னிடம், “திங்கட்கிழமை என் கையும் இப்படித்தான் தெரியுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

ஆன்டெனாவை இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன், அலமாரி மேல் வைத்தேன். அண்ணன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, காலிப் பெட்டியை மடியில் வைத்து அதில் போட்டிருந்ததை எல்லாம் படித்தான். “சின்ன வயசுல எனக்கு முதல்ல மாட்டின மெஷின் ஞாபகம் இருக்கா? நெஞ்சுல தொங்குமே. எவ்வளவு ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்தி வெச்சாங்க. எனக்குத் தலைவலிதான் வந்துச்சு” என்றான். சும்மா இரு என்று அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு, பெட்டியைப் பிடுங்கி எல்லாவற்றையும் உள்ளே திணித்து, சாயங்காலம் மறுபடியும் கடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் வாய்க்குள் வசனம் தயார். பெட்டியை அவர் மேஜையில் வைத்த கையோடு ஆரம்பித்தேன்.

“உங்க சாமான் சரியில்லை. இதைவிடப் பெரிசு இல்லைன்னு பார்த்துத்தானே வாங்கிட்டுப் போனேன்? ஒரு வாரத்துல ஒரு பொம்பளையோட வேலையே இதை நம்பித்தான் இருக்கு. ஃபுல்லா வெச்சும் ஒண்ணும் புரியலை. ஃபுல்லா வெச்சும்…”

அங்கேயே நின்றுவிட்டேன். இதே வாக்கியம். இதே குரல். பதினேழு வருஷமாக என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஜனங்கள் சொல்லும் வாக்கியம் இது. மெஷினைக் கழற்றி என் முன்னால் டக்கென்று வைத்து, “ஃபுல்லா வெச்சும் ஒண்ணும் புரியலைம்மா, இதைவிடப் பெரிசா குடுங்க” என்பார்கள். நானும் நாள் தவறாமல், “சத்தம் வேற, தெளிவு வேறங்க. நீங்க ஏத்தறப்ப இரைச்சலும் சேர்ந்து ஏறுது. முதல்ல பேசறவருக்கு எதிர்ல உட்காருங்க, கிட்டப் போங்க, ஃபேனை நிறுத்துங்க. மெஷினைத் தொடறது அப்புறம்” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருக்கிறேன். அவர்கள் போனபிறகு தலையில் அடித்துக்கொண்டும் இருக்கிறேன்.

கடைக்காரர் காத்திருந்தார். பொறுங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“என்னங்க, நிறுத்திட்டீங்க?”

“எதிர்ல உட்காரணும்” என்றேன்.

“யாரு?”

“ஆன்டெனா. டவருக்கு எதிர்ல. நீங்க நேத்தே அதைத்தான் கேட்டீங்க.”

அவர் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் அரை மணி நேரம் சிரித்திருப்பேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். யாருக்கு என்ன வேலை என்று கேட்டார். அண்ணனையும் அண்ணியையும் மூலைப் பெட்டியையும் சொன்னேன். கை உடைகிறது என்றதும் நிமிர்ந்தார். “இத்தனை வருஷமா ஆன்டெனா விக்கறேன். கை தெரியலைன்னு யாரும் வந்ததில்லைங்க. எல்லாரும் முகம் தெரியுது, போதும்னு போயிடுவாங்க.”

டவர் இருப்பது ஊருக்கு வடக்கே குன்றின்மேல் என்றார். சிவப்பு விளக்கு எரியுமே, பார்த்ததில்லையா? பார்த்ததில்லையாவது. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் டவர் என்று நினைத்திருந்தேன். டிவியைச் சமையலறைக்குக் கொண்டு போகலாம் என்றால் அங்கே ஒன்றரை ஆள்தான் நிற்கலாம். மாவுக்கட்டுக் காலுக்கு இடமே இல்லை.

“டிவி ஹால்லயே இருக்கட்டும். ஆன்டெனா மட்டும் சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியில” என்றார். “ஆனா அங்கேர்ந்து ஒயர் பதினஞ்சு மீட்டர் வருது. வர்ற வழியில கொஞ்சம் குறையும். அந்தக் குறைச்சலை ஈடு கட்டற அளவுக்குப் பூஸ்டர் போதும்.” பில் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்: ஜன்னல், ஆன்டெனா, அதன் காலடியிலேயே ஒரு குட்டிப் பூஸ்டர், அதிலிருந்து நீளமாக ஒயர். பூஸ்டரை டிவி பக்கத்தில் வைத்தால் குறைந்துபோய் வந்ததைத்தான் ஏற்றும், குறைவதற்கு முன்னால் ஏற்ற வேண்டும் என்று சொன்னார். அந்தப் பூஸ்டரில் ஒரு திருகு இருந்தது. “கால்வாசிக்கு மேல திருப்பாதீங்க” என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆளைப் புரிந்துவைத்திருந்தார்.

அந்த இரண்டு கம்பி ஆன்டெனாவையும் குட்டிப் பூஸ்டரையும் ஒயரையும் கொடுத்தார். பெரிய பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறி அதே இடத்தில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். “ஒயரை நல்லா முறுக்கி மாட்டுங்க” என்றார். மன்னிப்புக்கு அவரும் லாயக்கில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம். மற்ற வீடுகளில் ஆன்டெனா திருப்புவதை நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, வந்துச்சா, வந்துச்சா என்று கத்துவார். உள்ளே இருப்பவர், வந்துச்சு, போயிடுச்சு, ஐயோ முதல்ல இருந்த மாதிரியே வை என்று கத்துவார். முடிவில் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பார்கள். எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அண்ணி ஸ்டூலில் ஏறி ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டாள். டிவியும் சமையலறைக் கதவும் ஒருசேரத் தெரியும் இடத்தில் அண்ணன் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். அவன் கையை அசைப்பான், அவள் மணிக்கட்டை நெல்லளவு திருப்புவாள், இன்னொரு கையால் பதில் சொல்வாள். இடையிடையே, ஸ்டூல் ஆடுகிறது, அடுப்பைப் பார், உன் தலைமுடியில் ஒட்டடை என்று குடும்பப் பேச்சும் நடந்தது. பத்தே நிமிஷம். ஊரிலேயே ஆன்டெனா திருப்புவதற்கு இவர்களைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

என் பங்குக்குத் திருகைக் கடைசிவரை திருப்பிப் பார்த்தேன். படம் உடைந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அதைக் கால்வாசிக்குக் கொண்டு வந்தேன். ஒரு மணிக்கு விசிறுகிறவர் வந்து நின்றார். பத்து விரலும் தெரிந்தன, மோதிரம்கூடத் தெரிந்தது. அண்ணி விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, நேராகப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிடாத நாள்களுக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். எனக்கு அந்தக் கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அண்ணி காலையிலேயே கிளம்பிவிட்டாள். கைகள் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கோடும் பூவும் இல்லாத கருநீல ரவிக்கை. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டப் போனேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தான்.

“வேண்டாம். கையை மட்டும் பாரு. உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்.”

மூலைப் பெட்டியில் அண்ணி வந்தாள். உள்ளங்கை அளவு இடம். அதற்குள் அவள் நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னபோது என் கண் கலங்கிப் பாதிச் செய்தி அதிலேயே போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஏதோ பாலம் என்றாள். மழை என்றாள். பள்ளிக்கூடம், பேருந்து, எண்கள். பாலத்துக்கு என்ன ஆயிற்று? விழுந்துவிட்டதா, திறந்துவிட்டார்களா? கை ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டமும் இல்லை, ஒரு உடைசலும் இல்லை. உடைந்ததெல்லாம் என் புத்தியில்தான். அண்ணனின் தோளைத் தட்டி, “என்ன சொல்றா?” என்று கேட்டேன். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை உயர்த்தினான். பொறு என்று அர்த்தம்.

எனக்கு அந்த உள்ளங்கை தெரியும். அது என்னுடையது. சின்ன வயதில் வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் சிரிப்போம். அவன் என் சட்டையைப் பிடித்து இழுப்பான், என்ன சொன்னாங்க, ஏன் சிரிக்கறீங்க என்று. நான் இப்படித்தான் கையைக் காட்டுவேன். முடிந்தபிறகு கேட்டால், “ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவேன். எத்தனை வருஷம் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. அவனுக்கும் அது ஒரு பெரிய விஷயம் என்று அந்தத் திங்கட்கிழமை ஒரு மணி வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அவனும் ஒண்ணுமில்லை என்று சொன்னால் நான் வாயைத் திறக்க முடியாது.

செய்தி முடிந்தது. அண்ணன் போனை எடுத்து அண்ணிக்கு எழுதினான். எட்டிப் பார்த்தேன். “இடது கை ரெண்டு தடவை பெட்டிக்கு வெளியே போச்சு. எண்கள் சொல்றப்ப வேகம் ஜாஸ்தி. நாளைக்குச் சரி பண்ணு. மத்தது ஒண்ணு விடாம எல்லாம் புரிஞ்சுது. எல்லாம்.” அந்தக் கடைசி வார்த்தையை அனுப்பிவிட்டுச் சிறிது நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயதில், தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், ஒரு செய்தியை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை நழுவாமல் பார்த்திருக்கிறான்.

பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினான். மாவுக்கட்டுக் காலை வாகாக நகர்த்தி வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். என் திக்குவாய்க் கைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக, ஒவ்வொன்றாக. பாலம் விழவில்லை, அகலப்படுத்தப் போகிறார்கள். பேருந்துகளின் நேரம் அடுத்த மாதத்திலிருந்து மாறுகிறது. இரண்டு பள்ளிகளுக்குப் புதுக் கட்டடம். எனக்குப் புரியாத இடத்தில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து மறுபடி சொன்னான். ஒரு அமைச்சர் பாதிப் பேச்சில் தும்மியதைக்கூட விடவில்லை. அண்ணி அதையும் காட்டியிருந்தாளாம்.

என்னால் தாங்க முடியவில்லை. அவனுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்பதா, மன்னித்துக்கொள் என்பதா, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல என் கையும் காலியாக இல்லை.

அண்ணன் என்னைச் சற்று நேரம் அழவிட்டான். பிறகு மெதுவாகக் கைகளை உருவிக்கொண்டான்.

“கையைப் பிடிச்சுக்கிட்டா எப்படிப் பேசறது? விடு. இன்னும் வானிலை பாக்கி இருக்கு.”